வைரத்தில் நுண்கருவி செய்ய விரும்பும் மகள் எந்தப் பட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம்?

மதிப்பிற்குரிய ஐயா,

உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் தோற்றிய உங்கள் மகள் வைரத்தைக் கொண்டு நுண்கருவிகள் செய்யும் துறைக்கே போவேன் என்று பிடிவாதமாக நிற்பதாகவும், அது நகைத்தொழிலா, வெறும் கற்பனையா என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது நகைத்தொழிலும் அல்ல, கற்பனையும் அல்ல; மிக நுண்ணிய அசையும் பாகங்களையும் இலத்திரனியல் பாகங்களையும் வைரத்தில் செய்யும் துறை. ஆனால் அந்தப் பெயரில் ஒரு இளமாணிப் பட்டத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இத்துறையினர் பயன்படுத்தும் வைரம் பெரும்பாலும் சுரங்கத்திலிருந்து வருவதில்லை. பெருமளவு ஐதரசனோடு சிறிதளவு மெதேனைக் கலந்து, தாழ்ந்த அமுக்கத்தில் பிளாஸ்மாவாக்கி (மின்னேற்றமடைந்த வாயுவாக்கி), ஏறத்தாழ 700 முதல் 1000 பாகை செல்சியசில் உள்ள தட்டொன்றின்மேல் காபன் அணுக்களைப் படியவிட்டு அதை மென்படலமாக வளர்க்கிறார்கள். கூடவே படியும் காரீயத்தை (பென்சிலில் உள்ள காபன் வகையை) ஐதரசன் அரித்து அகற்றிவிடுகிறது. உங்கள் மகள் உயர்தரத்தில் படித்த யங்கின் மட்டு, அதாவது பொருளின் விறைப்பின் அளவு, இங்கே நேரடியாகப் பயன்படுகிறது: நுண்கருவிகளுக்கு வழக்கமாகப் பயன்படும் சிலிக்கனுக்கு அது 200 கிகாபஸ்கால்களுக்கும் குறைவு, வைரத்துக்கோ 1000க்கும் மேல். ஆகவே ஒரே அளவில் செய்த நுண்ணிய சட்டமொன்று வைரத்தில் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் அதிரும் என்பதால், வானொலி அலைகளைப் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளுக்கும் நுண் உணரிகளுக்கும் அதை ஆராய்கிறார்கள். ஒன்றோடொன்று உரசும் நுண்பாகங்கள் சிலிக்கனில் விரைவாகத் தேய்வதும் ஈரப்பதத்தால் ஒட்டிக்கொள்வதும் வைரத்தின்மீது நாட்டம் எழுந்ததற்கு இன்னொரு காரணம். அது செம்பைவிட ஐந்து மடங்களவு வெப்பத்தைக் கடத்துகிறது. அதன் சக்தி இடைவெளி (கட்டுண்ட இலத்திரன் விடுபட்டு மின்னைக் கடத்தத் தேவையான சக்தி) சிலிக்கனின் 1.1 இலத்திரன் வோல்ற்றுக்கு எதிராக ஏறத்தாழ 5.5 ஆக இருப்பதால் உயர் வோல்ற்றளவையும் உயர் வெப்பநிலையையும் தாங்கக்கூடியது.

இவ்வளவு சிறப்பிருந்தும் சந்தை ஏன் சிலிக்கனிடமே இருக்கிறது என்பதை உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும். இலத்திரனியல் கருவிகளுக்கு நேரேற்றத் துளைகள் மின்னைக் கடத்தும் பி-வகையும் இலத்திரன்கள் கடத்தும் என்-வகையும் வேண்டும். போரனைச் சேர்த்து வைரத்தை பி-வகைக் குறைகடத்தியாக்க முடிகிறது; என்-வகைக்குப் பொசுபரசைச் சேர்த்தாலோ அறை வெப்பநிலையில் மிகச் சில இலத்திரன்களே விடுபடுகின்றன. சிலிக்கன் தட்டுகள் 300 மில்லிமீற்றர் விட்டத்தில் வழக்கமாக உற்பத்தியாகும்போது, அந்த அளவில் குறைபாடற்ற ஒற்றைப் பளிங்கு (முழுவதும் ஒரே படிகமான) வைரம் இன்னும் எட்டாத இலக்கு. வெப்பம் அகற்றும் தகடுகளிலும் மின்வாய்களிலும் வைரம் ஏற்கனவே விற்பனைக்கு வந்துவிட்டது. நுண்ணிய அசையும் கருவிகளோ பெரும்பாலும் ஆய்வுகூடங்களில்தான் இருக்கின்றன. அதாவது இது கலாநிதிப் பட்டம்வரை படித்துச் சேரும் துறை.

அதனால் முதற்பட்டத்தை அகலமாகத் தெரிவு செய்வதே என் ஆலோசனை. இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்திய புள்ளி) இடங்கொடுத்தால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொருளறிவியல் பொறியியல் மிகப் பொருத்தமானது. இலத்திரனியல் பொறியியலும் சரியான வழியே. பொறியியல் கிடைக்காவிட்டால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம், ஏனெனில் பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவர் இந்த ஆய்வுக்குள் பொறியியலாளரைவிட இலகுவாக நுழைவதுமுண்டு. (நம் ஊரில் இதைப் பெற்றோருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.) கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலைக் கோணேசபுரி வளாகத்திலுள்ள பிரயோக விஞ்ஞான பீடத்தை வீட்டுக்கு அண்மையில் இருக்கிறது என்பதற்காக மட்டும் தெரிவு செய்யாமல், அவர் விண்ணப்பிக்கும் பாடநெறியில் பௌதிகவியல் எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டில் பார்த்தபின் முடிவெடுங்கள்.

வைரம் கைகூடாவிட்டால் பட்டம் வீணாகுமா என்ற உங்கள் அச்சத்திற்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. புல்மோட்டை மணலிலுள்ள இல்மனைற்று, உருத்தைல் ஆகிய தைத்தானியக் கனிமங்களைப் பிரிப்பதற்கும் பளிங்கமைப்பு, தூய்மை, பரிசோதனை பற்றிய அறிவே வேண்டும். நம் நாட்டுக் காரீயத்திலிருந்து கிரபீன் (ஓரணுத் தடிப்புள்ள காபன் படலம்) செய்யும் முயற்சிகளுக்கும் அதுவே அடிப்படை.

ஜப்பானில் சுக்குபா நகரிலுள்ள தேசியப் பொருளறிவியல் நிறுவனம் வைர நுண்கருவிகளில் தொடர்ந்து ஆய்வு செய்துவருகிறது. ஜப்பானிய அரசின் புலமைப்பரிசிலுக்கு இலங்கை மாணவரும் விண்ணப்பிக்கலாம். நல்ல முதற்பட்டம் இருந்தால் மேற்படிப்புக்கு நீங்கள் காணி விற்க வேண்டியதில்லை. இப்போதே பணம் கட்டினால் நனோ தொழினுட்பச் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் முகவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை எழுதும் வரிசையும் இசட் புள்ளியோடு சேர்ந்து அனுமதியைத் தீர்மானிப்பதால், அந்த வரிசையை மகளே முதலில் எழுதட்டும். அனுப்பு முன் அவரோடு ஒருமுறை வந்தால் மூவருமாக அமர்ந்து சரிபார்க்கலாம்.