காரில் ரேடியோ, பின்சீட்டில் பிள்ளை

கேள்வி: காரில் என் கணவர் அரட்டை ரேடியோதான் கேட்பார். ஒரே வசவு. பத்து வயது மகனும் கேட்கிறான். அணைத்துவிடலாமா?
– வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: நானும் அணைக்காத ஆள்தான். 2007 ஏப்ரலில் டான் ஐமஸ் என்ற ரேடியோக்காரர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியை, அவர்களின் சுருட்டை முடியையும் ஒழுக்கத்தையும் இழுத்துக் கேவலமாகப் பேசினார். முந்தின நாள்தான் அந்தப் பெண்கள் இறுதிப் போட்டியில் டென்னஸியிடம் தோற்றிருந்தார்கள். செய்தியில் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். பின்சீட்டில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே என் மகள் கேட்டாள்: “என் முடியும் சுருட்டைதானேம்மா?” ஒரு சிக்னல் முழுக்க எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் ஓரமாக நிறுத்தி, அந்தச் சொல்லின் அர்த்தத்தை மறைக்காமல் சொன்னேன்.

எட்டே நாளில் சிபிஎஸ் ரேடியோ அவரை நீக்கியது. டிசம்பரில் வேறு நிலையத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார், அது வேறு கதை.

அணையுங்கள், சரி. ஆனால் விளக்கிவிட்டு அணையுங்கள். இல்லாவிட்டால் மீதியை ஸ்கூல் பஸ்ஸில் தெரிந்துகொள்வான். அந்த வசவுக்கு உங்கள் கணவர் சிரிக்கிறாரா? அதை முதலில் பாருங்கள்.