‘ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்’: விமர்சகர்களும் ரசிகர்களும் – கேள்வி பதில்

கேள்வி: சுவீடனின் டெத் மெட்டல் (கனத்த கிட்டார் ஒலியும் உறுமும் குரலும் கொண்ட இசை வகை) குழுவான அட் தி கேட்ஸ் 1995-இல் வெளியிட்ட இந்த ஆல்பத்துக்கு அப்போதே வரவேற்பு இருந்ததா, அல்லது பின்னாளில்தான் இந்தப் பெயர் வந்ததா?

பதில்: வெளியானபோதே விமர்சகர்கள் நன்றாகத்தான் எழுதினார்கள். ஆனால் 1996-இல் கிட்டார் கலைஞர் ஆண்டர்ஸ் பியோர்லர் விலகியதும் குழு கலைந்துவிட்டதால், அந்தப் பாராட்டின் பலனை அனுபவிக்க ஆளில்லாமல் போயிற்று. இன்று எல்லாரும் சொல்லும் ‘மைல்கல்’ என்ற தகுதி, இதைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறைக் குழுக்கள் மேடையேறிய பிறகு கிடைத்தது.

கேள்வி: பழைய ரசிகர்களில் சிலர் இதைக் குழுவின் சரிவு என்கிறார்களே, ஏன்?

பதில்: அவர்கள் ஒப்பிடுவது 1992-இல் வந்த முதல் ஆல்பமான ‘தி ரெட் இன் தி ஸ்கை இஸ் அவர்ஸ்’ என்பதோடு. அதில் வயலின் ஒலிக்கும்; பாடல்கள் எதிர்பாராத இடங்களில் திரும்பும்; ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) மனத்தில் பதியும் முன்னரே அடுத்தது வந்துவிடும். அந்தச் சிக்கலுக்குப் பெரிதும் காரணமாக இருந்த கிட்டார் கலைஞர் ஆல்ஃப் ஸ்வென்சன் 1993-இல் விலகினார். அதன்பின் பாடல்கள் சுருங்கின, அமைப்பு நேரானது. ‘ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்’ முழுவதுமே ஏறத்தாழ 34 நிமிடங்கள்தான். எளிமையாகிவிட்டது என்பது உண்மை. அதைச் சரிவு என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. வேண்டாததை வெட்டி எறிந்து, திராஷ் மெட்டலின் வேகத்தையும் இரட்டைக் கிட்டார் இழையும் மெட்டுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு நொடிகூடத் தளராமல் ஆல்பத்தை முடிப்பது, சிக்கலான பாடலை எழுதுவதைவிடக் கடினமான கட்டுப்பாடு. முதல் ஆல்பத்தை உயர்த்திப் பேசுவோரில் எத்தனை பேர் அதை அடிக்கடி கேட்கிறார்கள் என்பது வேறு கேள்வி!

கேள்வி: ஒலிப்பதிவைப் பலர் தனியாகப் புகழ்கிறார்களே?

பதில்: கோத்தன்பர்க்கின் ஸ்டூடியோ ஃபிரட்மனில், ஃபிரட்ரிக் நோர்ட்ஸ்ட்ராமின் பொறுப்பில் பதிவானது. ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் பதிவான டெத் மெட்டல் ஆல்பங்களின் ரம்பம் போன்ற இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு, இங்கே ஒவ்வொரு கிட்டார் வெட்டும் தெளிவாகவும் இறுக்கமாகவும் கேட்கும்.

கேள்வி: அமெரிக்க மெட்டல்கோர் (மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை வகை) முழுவதும் இதன் நகல் என்கிறார்கள். அந்தப் பழியை இதன்மேல் சுமத்தலாமா?

பதில்: தாக்கத்தை மறுக்க முடியாது. அமெரிக்காவின் டார்க்கஸ்ட் ஹவர் குழு தன் 2003 ஆல்பத்தைப் பதிவு செய்ய அதே ஸ்டூடியோ ஃபிரட்மனுக்கே போனது. அட் தி கேட்ஸின் பாடகர் தாமஸ் லிண்ட்பெரி அடித்தொண்டையில் உறுமாமல் உச்சத்தில் கிழியும் குரலில் கத்தியதால், ஹார்ட்கோர் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஆல்பம் அந்நியமாகப் படவில்லை என்பதே என் கணிப்பு. ஆயினும் போலிகள் சலிப்பூட்டினால் மூலத்தைக் குறை சொல்வது விமர்சனமாகாது. 2000-களில் இந்த வகை ரிஃபுகளைக் கேட்டுச் சலித்தபின் இதற்கு வந்தவர்கள் ‘இதில் என்ன புதுமை?’ என்று கேட்பது புரிகிறது. அவர்கள் வரிசையைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: இந்த ஆல்பத்தின் ‘கோல்ட்’ பாடலின் தனி கிட்டார் வாசிப்பு யாருடையது?

பதில்: கிங் டயமண்ட் குழுவின் ஆண்டி லாராக்.

கேள்வி: குழு மீண்டும் இணைந்தபின் 2014-இல் வந்த ‘அட் வார் வித் ரியாலிட்டி’ ஆல்பம் ஏன் அந்த அளவு கொண்டாடப்படவில்லை?

பதில்: 19 ஆண்டு இடைவெளிக்குப் பின் வரும் எந்த ஆல்பத்தையும் ரசிகர்கள் நினைவோடுதான் ஒப்பிடுவார்கள். அது நிதானமான, இருண்ட மனநிலை கொண்ட ஆல்பம். முந்தையதன் அவசரத்தை அதில் தேடியவர்கள் ஏமாந்தார்கள். என் பார்வையில் அது முதல் ஆல்பத்தின் இருளுக்கும் 1995-இன் கட்டுக்கோப்புக்கும் நடுவே நிற்கிறது. ஆகவே, சரிவு என்று வருந்தும் பழைய ரசிகர்கள்தான் அதை முதலில் கேட்க வேண்டும்.