கேள்வி – பதில்: எலிக்காய்ச்சல் கிருமியை உடல் இனங்காணும் விதம்

கேள்வி: காலபோக வயல் வேலைகள் நடக்கும்போது எங்கள் பகுதியில் எலிக்காய்ச்சல் பற்றி எச்சரிக்கிறார்கள். முன்பு ஒருபோதும் சந்தித்திராத பற்றீரியா ஒன்று உடலினுள் புகுந்ததும், அது அந்நியமானது என்பதை வெண்குருதிக் கலங்கள் எவ்வாறு அறிகின்றன? ஒருமுறை இந்நோய் வந்தவருக்கு மீண்டும் வராதா?

– கமக்காரர் ஒருவர், பரந்தன்

பதில்: குறித்த கிருமிக்கென்றே உருவாகி அதனை எதிர்க்கும் புரதங்களான பிறபொருளெதிரிகள் தோன்றப் பல நாட்கள் செல்லும். அதற்கு முன்னரே, கிருமியின் பகுதிகளைப் பற்றி உணரும் புரதங்களான, பிறப்பிலேயே அமைந்த வாங்கிகளைக் கொண்டு, பெருந்தின்கலங்கள் என்னும் வெண்குருதிக் கலங்கள் செயற்படத் தொடங்கிவிடுகின்றன. பற்றீரியாக்கள் எளிதில் கைவிட முடியாதவையும் மனித உடலில் இல்லாதவையுமான பகுதிகளையே இவ்வாங்கிகள் பற்றுகின்றன. இவற்றுள் டோல் வகை வாங்கிகள் முதன்மையானவை. இவை பற்றிய ஆய்வுக்காக ஜூல் ஹோஃப்மான், புரூஸ் பொய்ட்லர் ஆகியோர் 2011இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா இவ்விடயத்தில் வஞ்சகமானது. பல பற்றீரியாக்கள் நகர உதவும் சவுக்குமுளையின் புரதமான ஃபிளாஜெலினை டோல் வாங்கி 5 உணர்கிறது; லெப்டோஸ்பைராவோ தன் சவுக்குமுளைகளை வெளிமென்சவ்வுக்கு உள்ளேயே வைத்திருக்கிறது. அதன் மேற்பரப்பிலுள்ள, கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் இணைந்த பொருளான கொழுப்புப்பல்சக்கரைட்டைச் சுண்டெலியின் டோல் வாங்கி 4 இனங்காண்கிறது, மனிதனுடையது இனங்காண்பதில்லை. சுண்டெலி தாங்கிக்கொள்ளும் கிருமி மனிதரை வீழ்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

ஆகவே நமக்குப் பெரிதும் கைகொடுப்பது டோல் வாங்கி 2 ஆகும். லெப்டோஸ்பைராவின் வெளிமென்சவ்வில் லிப்எல்32 போன்ற கொழுப்புப்புரதங்கள் செறிந்துள்ளன. இத்தகைய புரதமொன்றின் முனையில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் இருக்குமாயின், அவற்றுள் இரண்டு டோல் வாங்கி 2இன் குழியினுள்ளும் மூன்றாவது டோல் வாங்கி 1இனுள்ளும் நுழைந்து, பூட்டினுள் திறப்புப் பொருந்துவதுபோல் அமர்ந்து, இரு வாங்கிகளையும் ஒன்றாகப் பிணைக்கின்றன. உடனே கலத்தினுள்ளே நீண்டிருக்கும் அவற்றின் முனைகள் நெருங்க, மைடி88 என்னும் புரதம் அங்கு வந்து ஒட்டுகிறது. அதிலிருந்து தொடரும் சமிக்ஞையால் என்எஃப்-கப்பா பி என்னும் புரதம் கருவினுள் சென்று, அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களான சைற்றோகைன்களுக்கான மரபணுக்களை இயக்குகிறது. காய்ச்சலும் உடல் நோவும் பெரும்பாலும் இவற்றின் விளைவே.

இரண்டாவது கேள்விக்கு: மீண்டும் வரலாம். லெப்டோஸ்பைராவில் இருநூறுக்கும் மேற்பட்ட சீர வகைகள், அதாவது மேற்பரப்பு அமைப்பில் வேறுபடும் உள்வகைகள், உள்ளன. ஒன்றுக்கு எதிராக உருவான பிறபொருளெதிரி மற்றொன்றைத் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே முன்பு நோய் கண்டவரும், வயலில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்கிளின் என்னும் தடுப்பு மருந்து பற்றிக் கேட்டறிய வேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் கண்டால், அன்றே வைத்தியசாலைக்குச் சென்று, தாம் சேற்றில் வேலை செய்ததை வைத்தியரிடம் கூற வேண்டும்.