பைதான் ஓரளவு தெரியும், எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. தானாகப் பறக்கும் ஸ்மார்ட் ட்ரோனை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன், 14 மாதம் ஆனது. அதில் ட்ரோன் காற்றில் இருந்த நேரத்தை எல்லாம் கூட்டினால் ஆறேழு மணி நேரம் தேறலாம். மற்ற நாளெல்லாம் அது மேஜை மேல்தான் கிடந்தது, பெரும்பாலும் மோட்டார் மாட்டும் கை ஏதாவது ஒன்று உடைந்து.

கேள்வியில் நீங்கள் சொல்லாததை நானே ஊகித்துக்கொள்கிறேன். ஆள் நடந்தால் பின்னாலேயே பறந்து வரும் ட்ரோன் வீடியோ ஏதோ ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். லேப்டாப் கேமராவில் முகத்தைக் கண்டுபிடிக்கும் இருபது வரி நிரலையும் எழுதிப் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கி ஒரு ட்ரோனில் வைத்தால் வேலை முடிந்தது என்று தோன்றியிருக்கும். கிண்டல் செய்யவில்லை, நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ட்ரோனுக்குள் இரண்டு கணினி வேண்டும். ஒன்று ஃப்ளைட் கன்ட்ரோலர். சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோவையும் முடுக்கத்தை அளக்கும் ஆக்ஸிலரோமீட்டரையும் படித்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்குப் போட்டு, நான்கு மோட்டாரின் வேகத்தையும் திருத்திக்கொண்டே இருப்பது அதன் வேலை. ஆர்டுபைலட் என்ற திறமூல மென்பொருளில் இந்தச் சுற்று நொடிக்கு 400 தடவை ஓடும். இன்னொன்று ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு குட்டி லினக்ஸ் போர்டு. கேமரா, பைதான், உங்கள் 'ஸ்மார்ட்' எல்லாம் அதில்தான். அது நொடிக்குப் பத்து தடவை "இந்தத் திசையில் இந்த வேகத்தில் போ" என்று சொன்னால் போதும். எப்படிப் போவது என்பது ஃப்ளைட் கன்ட்ரோலரின் பாடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சீரியல் வயர், அதில் இரண்டும் பேசிக்கொள்ள மேவ்லிங்க் என்ற நெறிமுறை.

"ராஸ்பெர்ரி பையிலேயே எல்லாவற்றையும் ஓட்டலாமே, அதன் மேல் பொருத்தும் நேவியோ சென்சார் போர்டு வைத்து ஓட்டினார்களே" என்று யாராவது கட்டாயம் வருவார்கள். ஓட்டலாம். ஆனால் அங்கே ஓடியதும் சி++ மொழியில் எழுதிய ஆர்டுபைலட்தான், அதுவும் நிகழ்நேர வேலைக்கென்று திருத்திய லினக்ஸ் கர்னலில். நீங்களும் நானும் பைதானில் எழுதும் சமநிலைக் கணக்கு வேறு. லினக்ஸ் வேறு ஏதோ வேலையாகக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தாலே ட்ரோன் தள்ளாட ஆரம்பித்துவிடும்.

நான் முதல் நான்கு மாதத்தை எங்கே தொலைத்தேன் என்றால், இந்தச் சமநிலைக் கணக்கையே சொந்தமாக எழுதுகிறேன் என்று உட்கார்ந்ததில்தான். ஓர் ஆர்டுயினோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), ஜைரோவும் ஆக்ஸிலரோமீட்டரும் சேர்ந்தே இருக்கும் ஓர் எம்.பி.யு.6050 சென்சார். ஜைரோ வேகமாகச் சொல்லும், ஆனால் நேரம் ஆக ஆக மெல்ல நழுவும். ஆக்ஸிலரோமீட்டர் நழுவாது, ஆனால் மோட்டார் அதிர்வில் உளறும். இரண்டையும் 98க்கு 2 என்ற விகிதத்தில் கலந்தால் ஓரளவு நம்பும்படியான சாய்வுக் கோணம் கிடைக்கும். அதற்குப் பிறகு பி.ஐ.டி. கணக்கு, அதாவது சாய்வைப் பார்த்து மோட்டாரை எவ்வளவு திருத்துவது என்று முடிவு செய்வது; பி, ஐ, டி என்று மூன்று எண்களை நாம்தான் சரிபார்த்து வைக்க வேண்டும். பி-யைக் கூட்டினால் ட்ரோன் குளிர்க் காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கியது. குறைத்தால் தூக்கக் கலக்கத்தில் சரிந்தது. டி-யைத் தொட்டால் அதிர்வு எல்லாம் பெருகி மோட்டார் கொதித்தது. இரண்டு நாற்காலிக்கு நடுவே கயிறு கட்டி அதில் தொங்கவிட்டுத்தான் இத்தனையும். கயிற்றை அவிழ்த்து அது பறந்த அதிகபட்ச நேரம் 9 நொடி. ஆர்டுயினோவைக் குறை சொல்லவில்லை. ஆரம்பகால ஆர்டுபைலட்டே அதே குடும்பத்து 8 பிட் சிப்பில்தான் பறந்தது. குறை என்னுடையது.

அப்புறம் வெட்கத்தை விட்டு ஆர்டுபைலட்டுக்கு மாறினேன். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. என் ட்ரோனைப் பார்த்துவிட்டு ஒருவர், "எல்லாமே ரெடியா கிடைக்குதே, நீ வயரை மட்டும்தானே சொருகினே?" என்றார். ஐயா, ஆர்டுபைலட் 2009ல் தொடங்கியது, அன்றிலிருந்து எத்தனையோ பேர் கை வைத்துத் திருத்திய நிரல். பிக்ஸ்ஹாக் என்ற ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டும் மேவ்லிங்க்கும் சூரிச் இ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் லோரென்ஸ் மையர் மாணவராக இருந்த காலத்தில் தொடங்கி வளர்ந்தவை. இவர்கள் போட்ட பாதையில் நடப்பது திருட்டு இல்லை. வீடு கட்டுகிறவரிடம் "செங்கல்லை நீயா சுட்டாய்?" என்று யாரும் கேட்பதில்லை.

சரி, சாமான் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூலைக்கு மூலை 450 மில்லிமீட்டர் சட்டம் (ஃப்ரேம்), 920 கே.வி. மோட்டார், 10 அங்குல புரொப்பெல்லர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. நான்கு, மூன்று செல் (11.1 வோல்ட்) லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. கே.வி. என்பது கிலோவோல்ட் இல்லை. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண். 920ஐ 11.1 வோல்ட்டால் பெருக்குங்கள், ஏறக்குறைய 10,200 சுற்று வரும். அந்த வேகத்தில் சுற்றும் பிளாஸ்டிக் இலை விரலை என்ன செய்யும் என்று என் இடது கட்டைவிரலைக் கேட்டால் சொல்லும். மேஜையில் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். "ஒரே நிமிஷம்தானே" என்று தோன்றும்போது கட்டாயம் கழற்றுங்கள். நான்கு மோட்டாரும் முழு வேகத்தில் தூக்கக்கூடிய எடை, ட்ரோனின் மொத்த எடையைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். கேமரா, போர்டு, அதற்கு மேல் ஒரு பெட்டி என்று ஏற்றிக்கொண்டே போனால் இந்தக் கணக்கு உதைக்கும்.

முதல் முறை கிளப்பும்போது ட்ரோன் எழாமல் அப்படியே குப்புறக் கவிழும். பயப்படாதீர்கள். இரண்டு புரொப்பெல்லர் இடம் மாறியிருக்கும், அல்லது மோட்டார் வரிசை தப்பாக இருக்கும். எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரே திசையில் சுற்ற வேண்டும், பக்கத்தில் இருப்பவை எதிர்த்திசையில். கவிழாமல் முதல் தடவையிலேயே பறக்கவிட்ட ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்படி யாராவது இருந்தால் சந்தோஷம், சண்டைக்கு வர வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த கதை. பத்தாவது மாதம். ட்ரோன் கையால் ஓட்டினால் நன்றாகப் பறக்கிறது, ஜி.பி.எஸ். வைத்து ஒரே இடத்தில் நிற்கிறது. என் பைதான் நிரல் முதன்முதலாக ஓடப்போகிறது. தானாக 5 மீட்டர் எழும்ப வேண்டும், பிறகு இன்னும் 3 மீட்டர் மெல்ல ஏற வேண்டும், அங்கிருந்து கீழே விரித்து வைத்திருக்கும் அருகோ அட்டையை (கேமரா எளிதில் அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைக் கட்டக் குறி அச்சிட்டது) கேமராவில் தேட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அக்கா மகன் கூட வந்திருந்தான், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். லேப்டாப்பை எட்டிப் பார்த்தவன் கேட்டான், "மாமா, மேலே போறதுக்கு இதுல ப்ளஸ்ஸா மைனஸ்ஸா?"

"மேலேன்னா ப்ளஸ்தாண்டா. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

எழும்பு என்றதும் அழகாக எழுந்தது. 5 மீட்டரில் நின்றது. ஒரு கணம் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன். அடுத்த வரி, செங்குத்து வேகம் நொடிக்கு 2 மீட்டர். ட்ரோன் தரையைப் பார்த்து இறங்க ஆரம்பித்தது. 5 மீட்டர், நொடிக்கு 2 மீட்டர். யோசிக்க இரண்டரை நொடி. நான் ரிமோட்டை எடுத்து த்ராட்டிலை முழுக்க மேலே தள்ளினேன். ஒன்றும் நடக்கவில்லை. நிரல் சொல்வதைக் கேட்டுப் பறக்கும் கைடட் மோடில் இருக்கும்போது உயரம் நிரலின் பொறுப்பு, த்ராட்டில் குச்சியை அது மதிக்காது. ரிமோட்டில் மோடு சுவிட்சைத் தட்டியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். அந்த இரண்டரை நொடியில் கைக்குத் தெரியவில்லை.

தரையில் மோதிக் கவிழ்ந்தது. அதோடும் விடவில்லை. என் நிரலில் "உயரம் 8 மீட்டருக்குக் குறைவாக இருக்கும்வரை இதையே அனுப்பு" என்று எழுதியிருந்தேன். குப்புறக் கிடக்கிற ட்ரோனுக்கு 8 மீட்டர் எப்போது வரும்? அது பாட்டுக்கு ஆணையை அனுப்பிக்கொண்டே இருந்தது. நல்லவேளை, விபத்தைக் கண்டுகொள்ளும் சோதனை ஃப்ளைட் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கிறது. சில நொடியில் அதுவே மோட்டாரை நிறுத்தியது. இரண்டு புரொப்பெல்லர், ஒரு கை, கேமராவின் லென்ஸ் எல்லாம் போச்சு.

காரணம் இதுதான். விமானத் துறை வழக்கப்படி அச்சுகள் வடக்கு, கிழக்கு, கீழ் என்ற வரிசையில் வரும். மூன்றாவது அச்சில் கீழே போவதுதான் ப்ளஸ். மேலே ஏற வேண்டுமானால் மைனஸ் 2 என்று கொடுத்திருக்க வேண்டும். "கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறதே" என்பவர்களுக்கு: ஆமாம், போட்டிருக்கிறது. ஆனால் எழும்பு என்ற ஆணைக்கு மட்டும் உயரத்தை ப்ளஸ்ஸில்தான் கொடுக்க வேண்டும். அது சரியாக வேலை செய்ததால் அடுத்ததும் அப்படித்தான் என்று நம்பிவிட்டேன். இன்னொன்றும் உண்டு. நான் பார்த்து எழுதிய மாதிரி நிரல், ராஸ் என்ற ரோபோட்டிக்ஸ் மென்பொருளை மேவ்லிங்க்கோடு இணைக்கும் மேவ்ராஸ் வழியாகப் பேசுவது. ரோபோட்டிக்ஸ்காரர்களுக்குக் கிழக்கு, வடக்கு, மேல் என்பதுதான் வரிசை, அங்கே மேலே போவது ப்ளஸ். நடுவில் மேவ்ராஸே மாற்றிக் கொடுத்துவிடும். நான் நேரடியாக மேவ்லிங்க்கில் அனுப்பினேன், மாற்றிக் கொடுக்க ஆள் இல்லை. சாக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சாக்கு இல்லை. ஆர்டுபைலட்டோடு சிமுலேட்டரும் இலவசமாகவே வருகிறது. அதே ஃப்ளைட் கன்ட்ரோலர் நிரல் லேப்டாப்பிலேயே ஓடும், உங்கள் பைதான் நிரல் அதோடு நிஜ ட்ரோனிடம் பேசுவது மாதிரியே பேசும். அன்று அதில் ஒரு தடவை ஓட்டியிருந்தால் திரையில் உயரம் 5, 4, 3 என்று இறங்குவதைப் பார்த்திருப்பேன். "நிஜ ட்ரோனே கையில் இருக்கும்போது பொம்மை எதற்கு" என்று விட்டுவிட்டேன். இதை மட்டும் செய்யாதீர்கள். ட்ரோன் வாங்கும் முன்பே சிமுலேட்டரில் இரண்டு மாதம் ஓட்டுங்கள். பைதான் தெரிந்த உங்களுக்கு அதுதான் சரியான நுழைவாசல், சாலிடரிங் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாலிடரிங் என்றதும் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். நல்ல சாலிடரிங் அயர்ன் ஒன்று வைத்திருந்தேன், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை. தெரிந்தவர் ஒருவர் "ஒரு வயர் விட்டுப்போச்சு, அரை மணி நேரம் கொடுங்க" என்று வாங்கிப் போனார். மூன்று வாரம் கழித்து வந்தது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டிருக்கிறார்! நுனி கரிக்கட்டை, ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. கேட்டால் "நுனிதானே, மாத்திக்கலாம்" என்று சிரிக்கிறார். மாற்றினேன், என் காசில். இப்போது யார் கேட்டாலும் ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். சிமுலேட்டருக்குப் பிறகு, நிஜ ட்ரோனைக் கையால் ஓட்டப் பழகுங்கள். மோடு சுவிட்சைக் கண்ணை மூடிக்கொண்டு தட்ட வர வேண்டும், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். அடுத்து, ஒரே இடத்தில் நிற்க வைக்கும் லாய்ட்டர் மோடில் விட்டுக் கையை எடுங்கள். ஒரு நிமிடம் அதே இடத்தில் நின்றால் மேற்கொண்டு போகலாம். பெரிதாகிக்கொண்டே போகும் வட்டமாகச் சுற்றினால் காம்பஸ் கெட்டிருக்கிறது. பேட்டரி வயரில் ஓடும் மின்னோட்டம் பக்கத்தில் இருக்கும் காம்பஸைக் குழப்பும், அதனால்தான் ஜி.பி.எஸ்.ஸையும் காம்பஸையும் ஒரு குச்சி நட்டு உயரத்தில் வைக்கிறார்கள். உயரம் நிலையாக இல்லாமல் மேலும் கீழும் போனால், காற்றழுத்தமானியில் புரொப்பெல்லர் காற்றோ வெயிலோ நேராகப் படுகிறதா என்று பாருங்கள். துண்டு ஸ்பாஞ்சு வைத்து மூடினால் சரியாகும். ராஸ்பெர்ரி பைக்குத் தனி 5 வோல்ட் ரெகுலேட்டர் கொடுங்கள், 3 ஆம்பியராவது தாங்க வேண்டும். ஈ.எஸ்.சி.யிலிருந்து கிடைக்கும் 5 வோல்ட்டில் ஓட்டி, நடுவானில் அது ரீபூட் ஆனதை நான் இரண்டு தடவை பார்த்தேன். ஆர்டுபைலட்டில் வேக ஆணை 3 நொடிக்கு மேல் வராவிட்டால் ட்ரோன் இருந்த இடத்திலேயே மிதந்து நின்றுவிடும் என்பதால் அந்த இரண்டு தடவையும் பிழைத்தேன்.

பேட்டரியை முழுதாக ஏற்றி அலமாரியில் வைக்காதீர்கள். சும்மா வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிவிட்டால் அதோடு பாசம் வேண்டாம். அப்புறம் சட்டம்: பல நாடுகளில் 250 கிராம் ஒரு முக்கியமான எல்லைக்கோடு. நான் சொன்ன சைஸ் ட்ரோன் அதைப் போல பல மடங்கு கனக்கும். உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத இடத்தில் பறக்கவிடுங்கள்.

இப்போது என் ட்ரோன் அருகோ அட்டையைக் கண்டுபிடித்து அதன் மேல் இறங்குகிறது. அட்டையை இழுத்துக்கொண்டு நடந்தால் பின்னாலேயே வருகிறது. அட்டை மேல் பாதி நிழல் விழுந்தால் குழம்புகிறது, காற்று அடித்தால் பின்தங்குகிறது. முகத்தைப் பார்த்துப் பின்தொடர்வது இன்னும் வரவில்லை. 10 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியாது, தலைமுடிதான் தெரியும் என்பதை அதை எழுதத் தொடங்கிய பிறகுதான் உணர்ந்தேன். ட்ரோனில் மாற்றிப் போட்ட கையில் அக்கா மகன் மார்க்கரால் "கீழே = ப்ளஸ்" என்று எழுதி வைத்திருக்கிறான். அழித்துப் பார்த்தேன், போகவில்லை.