மனைவியின் மேற்படிப்பும் ஜனவரி மாதக் கட்டணமும்

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதலில் என் வாழ்த்துகள். உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் கட்டணக் கவலைதான். செமஸ்டருக்கு 12,000 டாலர் வீதம் நான்கு செமஸ்டர். "கணவர் சம்பளத்தை என் படிப்புக்காகக் கரைக்கிறேனோ" என்ற உறுத்தல் வேறு. இந்தப் படிப்பு உங்களை மறுபடி வேலைக்குக் கொண்டு போகும் என்று நம்புகிறேன், அதனால் அந்த உறுத்தலை நான் ஏற்கவில்லை. ஆனால் வரிச் சலுகை பற்றி நீங்கள் கேட்டதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பணம் கட்டிய மாதம் தவறியதால் மட்டுமே 2,000 டாலரை இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குப் பொருந்துவது லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட். ஆண்டுக்கு 10,000 டாலர் வரையான கட்டணத்தில் 20 சதவீதம், அதாவது அதிகபட்சம் 2,000 டாலர், நீங்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்து நேராகக் குறையும். வரி பூஜ்யமாகும் வரைதான் குறையும், அதற்கு மேல் கையில் பணமாக வராது. உங்கள் தோழி சொன்ன 2,500 டாலர் சலுகை வேறு. அது இளநிலைப் படிப்பின் முதல் நான்கு ஆண்டுகளுக்கானது, அதை விட்டுவிடுங்கள். கட்டணத்தையே வருமானத்தில் கழித்துக்கொள்ளும் பழைய முறை 2020 வரியாண்டோடு முடிந்துவிட்டது. இன்னும் சிலர் அதை நினைவில் வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்கிறார்கள்.

இந்த 2,000 என்பது ஒரு வரிப் படிவத்துக்கான உச்சவரம்பு. வீட்டில் இரண்டு பேர் படித்தாலும் அவ்வளவுதான். கணக்கு காலண்டர் ஆண்டுக்கு. எந்த ஆண்டில் பணம் கட்டினீர்களோ அந்த ஆண்டில் சேரும். அடுத்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் தொடங்கும் வகுப்புக்கு முன்கூட்டிக் கட்டினாலும், கட்டிய ஆண்டின் கணக்கில்தான் வரும்.

இதை உங்கள் கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். 2026 ஆகஸ்டில் தொடங்கி 2028 மே மாதம் முடிக்கிறீர்கள். படிப்பு இரண்டு வருடம்தான், ஆனால் அது மூன்று காலண்டர் ஆண்டுகளைத் தொடுகிறது. 2026-ல் ஒரு செமஸ்டர், 2027-ல் இரண்டு, 2028-ல் ஒன்று. மூன்று ஆண்டிலும் 10,000 டாலரைத் தாண்டிவிடுவதால், வருமானம் இடம் கொடுத்தால் மொத்தம் 6,000 டாலர் வரை சலுகை. சிக்கல் கடைசி செமஸ்டரில்தான். அதற்கான பில் 2027 நவம்பரிலோ டிசம்பரிலோ உங்கள் மாணவர் கணக்கில் வந்து நிற்கும். வந்த அன்றே கட்டிவிடுவது நம் வீட்டுப் பழக்கம். டிசம்பர் 20 அன்று கட்டினால் அந்த 12,000 டாலரும் 2027 கணக்கில் விழும். அங்கே உச்சவரம்பு ஏற்கெனவே நிரம்பியிருக்கும், 2028-க்கோ ஒன்றும் இருக்காது. அதே பணத்தை ஜனவரி 3 அன்று கட்டினால் 2,000 டாலர் மிஞ்சும். பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஜனவரியில் இருந்தால் பொறுத்திருந்து கட்டுங்கள். டிசம்பரிலேயே முடிகிறது என்றால் தவணைத் திட்டம் உண்டா என்று கட்டண அலுவலகத்தில் கேளுங்கள். தாமதக் கட்டணம் கட்டியோ வகுப்பில் இடத்தை இழந்தோ இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது வருமானம். தம்பதியாகச் சேர்ந்து தாக்கல் செய்யும்போது வருமானம் 1,60,000 டாலருக்குள் இருந்தால் முழுச் சலுகை. அதற்கு மேல் தேய்ந்துகொண்டே போய் 1,80,000-ல் தீர்ந்துவிடும். நீங்கள் கொடுத்த கணக்குப்படி உங்கள் வருமானம் 1,76,000. அப்படியே விட்டால் 2,000-க்குப் பதில் 400 டாலர்தான் கிடைக்கும். உங்கள் கணவர் 401கே ஓய்வூதியக் கணக்கில் கூடுதலாக 12,000 டாலர் போட்டால் வருமானம் 1,64,000 ஆகி, சலுகை 1,600 ஆகும். நீங்கள் இருக்கும் 22 சதவீத வருமான வரி அடுக்கில் அந்த 12,000-க்கான வரி 2,640 டாலரும் அந்த வருடம் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் அந்தப் பணம் ஓய்வுக்காலம் வரை பூட்டி வைத்ததுபோலத்தான். கட்டணத்துக்கே கையைப் பிசையும் வருடத்தில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். சேமிப்பு தாங்கும் அளவுக்குப் போடுங்கள், பாதி போட்டாலும் பாதிப் பலன் உண்டு. 2028-ல் பட்டம் வாங்கியதும் நீங்களே வேலைக்குச் சேர்ந்தால் இருவர் சம்பளமும் சேர்ந்து 1,80,000-ஐத் தாண்டலாம். அப்போது சலுகை போனால் போகட்டும், சம்பளம் வந்ததே பெரிது.

இருவரும் தனித்தனியாகத் தாக்கல் செய்தால் இந்தச் சலுகை கிடையவே கிடையாது.

எச்-4 என்ற சார்ந்திருப்போர் விசாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களிடம் ஏற்கெனவே வேலை அனுமதி இருப்பதால் மாற வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை. எச்-4-லேயே முழுநேரம் படிக்கலாம். வரிக் கணக்கிலும் ஒரு வித்தியாசம் உண்டு. எஃப்-1-ல் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் அமெரிக்காவில் இருக்கும் நாட்கள், குடியிருப்பவரா என்று வரிக்காகப் பார்க்கும் நாட்கணக்கில் சேராது, அதனால் வரிச் சட்டத்தில் குடியிருப்பவர் அல்லாதவர் ஆகிவிடுவீர்கள். அப்போது, குடியிருப்பவராகவே எங்களை நடத்துங்கள் என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு வரிப் படிவத்தோடு இணைத்தால்தான் சேர்ந்து தாக்கல் செய்து இந்தச் சலுகையைக் கேட்க முடியும். அப்படிச் செய்தால் இந்தியாவில் இருக்கும் வைப்புத்தொகை வட்டியையும் காட்டியாக வேண்டும்.

2025 ஜூலையில் வந்த சட்டம், 2026 வரியாண்டு முதல் இந்தச் சலுகைக்கு வேலைக்குச் செல்லுபடியாகும் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கிறது. உங்களிடம் வேலை அனுமதியோடு வந்த எண் இருக்கிறது, கவலை இல்லை. அதைப் பல்கலைக்கழகத்திலும் சரியாகப் பதிந்துவிடுங்கள்.

அப்புறம், ஊரிலிருந்து அப்பா ஒரு செமஸ்டர் கட்டணத்தை அனுப்புகிறேன் என்கிறாராம். "அப்பா கட்டினால் எங்களுக்குச் சலுகை போய்விடுமா" என்று தயங்கியிருந்தீர்கள். போகாது. அவர் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பினாலும் நீங்கள் வாங்கிக் கட்டியதாகவே கருதப்படும். கல்விக் கடனில் கட்டினாலும் அப்படியே; கடனை அடைக்கும் ஆண்டு பொருட்டில்லை, பல்கலைக்கழகத்துக்குப் பணம் போன ஆண்டுதான் கணக்கு. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கும் நிம்மதியாக இருக்கும்.

கணவரின் நிறுவனம் தரும் 5,250 டாலர் கல்வி உதவி ஊழியரின் சொந்தப் படிப்புக்குத்தான் வரியில்லாதது, மனைவியின் படிப்புக்குப் பொருந்தாது. உங்கள் தோழியின் கணவர் பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்ப்பதால் அவளுக்குக் கட்டணக் குறைப்பு என்று எழுதியிருந்தீர்கள். மனைவியின் முதுகலைப் படிப்புக்கு அப்படிக் கிடைக்கும் குறைப்பு பொதுவாகக் கணவரின் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும். இளநிலைக்குத்தான் விலக்கு. அவர்கள் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிடலாம். ஆனால் வரி கட்டிய அந்தத் தொகையைக் கட்டணம் கட்டியதாகக் காட்டி இதே சலுகையைக் கேட்கலாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஜனவரி கடைசிக்குள், கட்டண விவரம் காட்டும் 1098-டி (1098-T) படிவம் உங்கள் மாணவர் கணக்கில் வரும். அதில் 1 என்று எண்ணிட்ட பெட்டியில் கட்டிய தொகை, 5 என்று எண்ணிட்ட பெட்டியில் உதவித்தொகை. வரியில்லா உதவித்தொகையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கணக்கில் சேரும். விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, பேருந்து இவை சேராது. புத்தகமும், பல்கலைக்கழகத்திடமே கட்டாயமாக வாங்க வேண்டியிருந்தால் ஒழிய, சேராது. படிவத்தோடு நிற்காமல், பணம் கட்டிய தேதி தெரியும் கணக்கு விவரப் பக்கத்தையும் ஒவ்வொரு செமஸ்டரும் சேமித்து வையுங்கள். இவற்றை வைத்து, சலுகையைக் கேட்பதற்கான 8863 படிவத்தை நிரப்ப வேண்டும்.

கடைசியாக, 2025-ல் சமுதாயக் கல்லூரியில் இரண்டு முன்தேவைப் பாடங்கள் படித்ததாகப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு பாடம் எடுத்திருந்தாலும் இந்தச் சலுகை உண்டு. அந்த ஆண்டின் வருமானம் வரம்புக்குள் இருந்து, கணக்கில் காட்டாமல் விட்டிருந்தால், தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திக் கேட்கலாம். அந்தக் கல்லூரியின் 1098-டி இன்னும் பழைய மாணவர் கணக்கில் இருக்கும். இந்த வாரமே உள்ளே போய்ப் பாருங்கள்.