கல்யாணச் செலவு: முதலில் கையில் இருப்பதை எண்ணுவோம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை கல்யாணச் செலவு பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் எல்லோரும் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் யார் பெயரும் போடவில்லை. கணக்குக் காட்டும் இடங்களில் வெறும் எண்ணாகவே எழுதியிருக்கிறேன், அவரவர் பணத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம், ஆனால் சம்பளம் குறைவு. பெற்றோரிடம் கேட்கிற நிலையும் இல்லை. ஒன்றரை வருடத்தில் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. எவ்வளவு ஆகும் என்று விசாரித்தால் ஆளுக்கு ஒரு தொகை சொல்கிறார்கள், கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: "எவ்வளவு ஆகும்" என்று வெளியே விசாரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அதற்கு முடிவே கிடையாது, எவ்வளவு கொட்டினாலும் இன்னும் கொஞ்சம் கேட்கும் செலவு இது. "நம்மிடம் அன்றைக்கு எவ்வளவு இருக்கும்" என்று உங்களுக்குள் கேளுங்கள். ஒரு மாலை நேரம் இருவரும் உட்கார்ந்து சம்பளம், ஏற்கெனவே உள்ள கடன், சேமிப்பு மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பலருக்கு இந்த இடத்தில்தான் கூச்சம் வருகிறது. ஆனால் வாழ்க்கை முழுக்க ஒன்றாகக் குடும்பம் நடத்தப் போகிறவர்கள் இதைப் பேசாமல் மண்டபம் பார்க்கப் போவது எனக்கு நல்லதாகப் படவில்லை.

ஒரு உதாரணம். இருவரும் சேர்ந்து மாதம் 1,000 ஒதுக்க முடியும் என்றால் 18 மாதத்தில் 18,000. கையில் ஏற்கெனவே 4,000 இருந்தால் மொத்தம் 22,000. இந்த 22,000-மும் கல்யாணத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த மாதமே வீட்டு முன்பணம் கேட்பார்கள், பாத்திரம் வேண்டும், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகும். அதற்காக 7,000 எடுத்துத் தனியே வையுங்கள், மீதி 15,000. அதிலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,500, கடைசி நேரத்தில் முளைக்கும் செலவுக்கு. ஆக உங்கள் கல்யாணச் செலவு 13,500. இந்த எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில்கூட ஒட்டலாம்.

அடுத்து எத்தனை பேரை அழைப்பது என்பதுதான். மற்ற எதையும் விட இதில்தான் பணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செலவில் இரண்டு வகை உண்டு. பத்துப் பேர் வந்தாலும் இருநூறு பேர் வந்தாலும் மாறாத செலவு ஒன்று: உங்கள் உடை, பதிவுக் கட்டணம், புகைப்படக்காரர். இன்னொன்று தலைக்கு இவ்வளவு என்று ஏறுவது: சாப்பாடு, நாற்காலி, அழைப்பிதழ், வந்து போகும் வண்டி, மண்டபத்தின் அளவு எல்லாமே ஆட்கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகும். மாறாத செலவுக்கு 5,500 போனால் மீதி 8,000. தலைக்கு 80 ஆகிறது என்றால் சரியாக 100 பேர். இதே 150 பேர் என்றால் 12,000 வேண்டும், கையில் இருப்பது 8,000. பூ அலங்காரத்தைக் குறைத்தோம், அழைப்பிதழைச் சாதாரணத் தாளில் அடித்தோம் என்று நூறு இடத்தில் கிள்ளினாலும் அந்த 4,000 வராது.

அதனால் பட்டியலை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் எழுதுங்கள். போன ஒரு வருடத்தில் நீங்களாக ஒருமுறையாவது போன் செய்து பேசியவர்கள் யார் என்று பார்த்தால், யார் கட்டாயம் வேண்டும், யாரை "அழைக்காவிட்டால் என்ன நினைப்பார்களோ" என்று சேர்த்தோம் என்பது தெரிந்துவிடும். இரண்டாவது வகையினரிடம் முன்கூட்டியே நேராகப் பேசிவிடுங்கள். "சின்ன அளவில் செய்கிறோம், அப்புறம் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்" என்றால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். மூன்றாமவர் வாயிலாகக் கேள்விப்படுவதுதான் மனிதர்களுக்கு உறுத்துகிறது.

கேள்வி: மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். மிஞ்சுவதே இல்லை.

பதில்: மிஞ்சாது. எனக்கும் மிஞ்சியதில்லை. சம்பளம் வரும் அன்றைக்கே தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். அந்தக் கணக்குக்கு அட்டை வாங்காதீர்கள், கைப்பேசிச் செயலியிலும் இணைக்காதீர்கள். எடுப்பதற்குக் கொஞ்சம் சிரமம் இருந்தாலே பாதிப் பணம் தப்பித்துவிடும்.

தொகை சின்னதாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ரிச்சர்ட் தாலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2004-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சேமிக்க முடியவில்லை என்று சொன்ன தொழிலாளர்களிடம், இப்போது ஒன்றும் பிடிக்க வேண்டாம், இனிமேல் சம்பளம் உயரும்போது அந்த உயர்விலிருந்து ஒரு பங்கு சேமிப்புக்குப் போகட்டும் என்று முன்னாலேயே சம்மதம் வாங்கிக்கொண்டார்கள். ஓய்வுக்காலச் சேமிப்புக்காகச் செய்தது அது. அவர்கள் முதலில் செய்து பார்த்த நிறுவனத்தில் 40 மாதத்தில் சேமிப்பு சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. கையில் வந்து பழகாத பணத்தை ஒதுக்குவது அவ்வளவு வலிப்பதில்லை. நீங்களும் அப்படிச் செய்யலாம். சம்பள உயர்வில் பாதி, மிகைநேர வேலைக்கு வரும் பணம், கொடுத்த கடன் திரும்பி வந்தால் அது, இதெல்லாம் நேராக அந்தக் கணக்குக்குப் போகட்டும். வண்டித் தவணை ஒன்று முடிகிறதா, அடுத்த மாதமும் தவணை கட்டுவது போலவே அதே தொகையை அங்கே கட்டுங்கள்.

எங்கே போட்டால் வட்டி அதிகம் என்று அலைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மாதம் 1,000 வீதம் 18 மாதம், வருடத்துக்கு 6 சதவீத வட்டி என்று வைத்துப் பாருங்கள், மொத்த வட்டியே 900-ஐத் தாண்டாது. மாதம் 50 கூடப் போட்டால் அதே 900 வந்துவிடுகிறது.

கேள்வி: நண்பன் பங்குச் சந்தையில் போடச் சொல்கிறான். ஒரு வருடத்தில் நன்றாக வளரும் என்கிறான். போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை, ஐந்தே வாரத்தில், அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது என்பதும் உண்மைதான். காத்திருக்க முடிந்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் ஏப்ரலில் மண்டபத்துக்குப் பணம் கட்ட வேண்டியவர் காத்திருக்க முடியுமா? தேதி குறித்த செலவுக்கான பணம், தேதி தெரியாமல் ஏறி இறங்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

கேள்வி: கொஞ்சம் குறைகிறது. 10 சதவீத வட்டிக்குக் கடன் தருவதாக ஒரு இடத்தில் சொல்கிறார்கள். குறைந்த வட்டிதானே?

பதில்: எந்த 10 சதவீதம் என்று கேட்டீர்களா? மொத்தத் தொகைக்கும் கடைசிவரை ஒரே வட்டி போடும் நிலையான வட்டிக் கணக்கு ஒன்று. நீங்கள் கட்டக் கட்ட மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் வட்டிக் கணக்கு இன்னொன்று. 12,000 வாங்கி ஒரு வருடத்தில் அடைக்கிறீர்கள் என்றால், முதல் முறையில் 1,200 வட்டி சேர்ந்து மாதம் 1,100 கட்டுவீர்கள். ஆறு மாதம் கழித்துப் பாதி அசலைத் திருப்பிக் கொடுத்த பிறகும் முழு 12,000-க்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். இதைக் குறையும் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 18 சதவீதம். அதற்கு மேல் செயல்முறைக் கட்டணம், காப்பீடு என்று எதையாவது பிடித்துக்கொண்டு கையில் குறைத்துத்தான் கொடுப்பார்கள் என்றால் அது இன்னும் ஏறும். சதவீதத்தைக் கேட்காதீர்கள், "என் கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுவேன்" என்று இரண்டு எண்களை எழுதி வாங்குங்கள்.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை என் மூத்த பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை கட்டினேன். அந்த மாதங்களில் வீட்டில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை, இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இப்போது மாதாமாதம் சேமிக்கும் அதே தொகையில் ஆறு மாதத்துக்குள் அடைபடும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் தேதியை ஆறு மாதம் தள்ளிப் போட முடியுமா என்று யோசியுங்கள். கடன் அட்டையில் இழுத்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு போவது எல்லாவற்றிலும் மோசமான வழி.

கேள்வி: நண்பர்களிடமும் உறவினர்களிடமும் பண உதவி கேட்கலாமா? கேட்டால் மதிப்புப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அன்பளிப்பாக வரும் பணத்தை நம்பிச் செலவு செய்யலாமா?

பதில்: இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன், நம்பிச் செலவு செய்யாதீர்கள். அன்பளிப்பு வருவது கல்யாணத்தன்று. மண்டபத்துக்கும் சமையலுக்கும் முன்பணம் கேட்பது அதற்குப் பல மாதம் முன்னால். வருவது வரட்டும், வந்த பிறகு அதை வைத்து என்ன செய்யலாம் என்று பாருங்கள்.

உதவி கேட்பதில் மதிப்புப் போக ஒன்றுமில்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதுதான். பொதுவாக "கஷ்டமாக இருக்கிறது, ஏதாவது பாருங்கள்" என்றால் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் சங்கடமாகிவிடும். "பொருளாக எதுவும் வாங்க வேண்டாம் அக்கா, அதற்குப் பதில் புகைப்படச் செலவில் பாதியை ஏற்றுக்கொள்ள முடியுமா" என்று குறிப்பாகக் கேளுங்கள். முடியாது என்று சொல்லவும் இடம் விடுங்கள். பணமாகக் கொடுக்க முடியாதவர்களிடம் வேறு எவ்வளவோ இருக்கிறது. ஒருவரிடம் வண்டி இருக்கும், ஒருவர் நன்றாகப் படம் எடுப்பார், ஒருவர் ஐம்பது பேருக்குச் சமைக்கத் தெரிந்தவராக இருப்பார். ஆனால் முக்கியமான ஒரு வேலையை முழுக்க ஒரே நண்பர் தலையில் கட்டாதீர்கள், அன்றைக்கு அவரும் விருந்தாளிதான். யார் என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நன்றி சொல்லவும் நாளை அவர்களுக்குச் செய்யவும் அது வேண்டும்.

உறவினரிடம் கைமாற்று வாங்கினால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் "நமக்குள் என்ன எழுத்து" என்றாலும் எழுதுங்கள். நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து ஒருவர் எடுக்கும் சீட்டும் உதவும், வட்டி இல்லாமலே மொத்தமாகக் கையில் வரும். ஆனால் ஒருவர் எடுத்துக்கொண்டு கட்டாமல் நின்றாலும் எல்லோருக்கும் நஷ்டம். அதனால் ஒவ்வொருவரையும் நீங்களே நேரில் அறிந்திருந்தால் மட்டும் சேருங்கள். யாரோ நடத்துகிறார், நிறையத் தருகிறார் என்று போகாதீர்கள்.

கேள்வி: எனக்குச் சிக்கனமாகச் செய்தால் போதும். நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கோ "ஒருநாள்தானே, நன்றாகச் செய்வோம்" என்று ஆசை. பேச ஆரம்பித்தாலே சண்டையில் முடிகிறது.

பதில்: அவர் ஆசையைத் தப்பென்று ஆரம்பிக்காதீர்கள் தோழி, அது தப்பில்லை. எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரான்சிஸ்-டான், ஹியூகோ மியாலன் என்ற இரண்டு பேர் 2014-இல் அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட, திருமணமான அல்லது ஒருகாலத்தில் திருமணமாகியிருந்த ஆட்களிடம் கேட்டு ஒரு ஆய்வு செய்தார்கள். கல்யாணத்துக்கு அதிகம் செலவழித்தவர்களின் மணவாழ்க்கை நீடித்திருப்பதாக அதில் தெரியவில்லை, சில பிரிவினரிடம் அதற்கு நேர்மாறாக இருந்தது. ஆனால் நிறையப் பேர் வந்து கலந்துகொண்ட கல்யாணங்கள் நீடித்ததோடு தொடர்பு தெரிந்தது. தொடர்புதான், இதனால்தான் அது என்று அவர்கள் நிரூபித்துவிடவில்லை. இருந்தாலும் எனக்கு அதில் ஒன்று பிடித்திருக்கிறது. நிறையப் பேர் வேண்டும் என்கிறவரும் செலவு குறைய வேண்டும் என்கிறவரும் ஒன்றுசேர வழி இருக்கிறது. முழுச் சாப்பாட்டுக்குப் பதில் மாலை நேரத்தில் சிற்றுண்டி மட்டும் என்று வைத்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும், ஆட்களைக் கூட்டிக்கொள்ளலாம். அதிகம் பேர் கேட்காத நாளும் மாதமும் பார்த்தால் மண்டபக்காரர் வாடகையைக் குறைக்கவும் கூடும், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், இருவரும் தனித்தனியே உட்கார்ந்து "இது இல்லாமல் முடியாது" என்று மூன்று மட்டும் எழுதுங்கள், பிறகு தாளை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் எழுதிய மூன்றில் கைவைக்காதீர்கள், அவரும் உங்கள் மூன்றில் கைவைக்கக் கூடாது. இரண்டு பட்டியலிலும் இல்லாதது எல்லாம் குறைக்கக் கூடியது. அவருக்கு வேண்டியது பாட்டுக் கச்சேரி மட்டும்தான் என்று தெரிந்தால் இத்தனை நாள் எதற்காகச் சண்டை போட்டீர்கள் என்று இருவருக்குமே தோன்றலாம்.

கேள்வி: முன்பணம் கொடுத்தபின் ஏமாற்றப்படாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: தேதி, நேரம், என்னென்ன தருகிறார்கள், எது கூடுதல் கட்டணம், ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டதை அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியாக அவருக்கு அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினாலும் நல்லது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், கடைசிப் பகுதி வேலை முடிந்த பிறகுதான். அந்தக் கடைசிப் பகுதியை ஒவ்வொருவருக்கும் ஒரு உறையில் போட்டு, பெயரும் தொகையும் எழுதி, கல்யாணத்தன்று உங்களுக்குப் பதில் பொறுப்பாகக் கொடுக்கக்கூடிய ஒருவரிடம் முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள்.