சக எழுத்தாளரின் ஃபேன்டசி அத்தியாயத்துக்குக் கருத்துச் சொல்வது எப்படி? – கேள்வி பதில்

எழுதும் நண்பர் தன் ஃபேன்டசி நாவலின் ஓர் அத்தியாயத்தைக் கையில் கொடுத்துவிட்டார். எப்படிப் படிப்பது, எதைச் சொல்வது, எதை விடுவது என்று பலர் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கேள்வி: நாலாவது அத்தியாயத்தை மட்டும் அனுப்பி "படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு" என்கிறார். சுமார் 3000 சொற்கள். எங்கே ஆரம்பிப்பது?

படிக்க உட்காரும் முன் அவரிடமே மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இது எத்தனையாவது வரைவு? முந்தைய மூன்று அத்தியாயங்களில் என்ன நடந்தது (ஐந்தாறு வரி போதும்)? அவருக்கே சந்தேகமாக இருக்கும் இடம் எது? இந்த மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. "சண்டைக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரிகிறதா?" என்பது அவர் கவலையாக இருக்கும். நீங்கள் பாத்திரப் பெயர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்புவீர்கள். முதல் வரைவு என்றால் கதை ஓட்டத்தோடும், யார் எதற்காக என்ன செய்கிறார்கள் என்பதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். பதிப்பகத்துக்குப் போகப்போகும் வரைவு என்றால் வாக்கியம் வரைக்கும் இறங்கலாம்.

பிறகு இரண்டு முறை படியுங்கள். முதல் முறை வெறும் வாசகராக. குறிப்பு எழுதவே வேண்டாம். கவனம் நழுவிய இடத்தில் ஒரு கோடு, மேலே போய்த் திரும்பப் படிக்க நேர்ந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி, ரசித்த இடத்தில் ஒரு டிக், அவ்வளவுதான். முடித்த கையோடு, பிரதியைப் பார்க்காமல், அத்தியாயத்தில் நடந்ததை நாலு வரியில் எழுதி வையுங்கள். எழுத்தாளருக்கு நீங்கள் தரப்போகும் குறிப்புகளிலேயே அதிகம் பயன்படுவது இந்த நாலு வரிதான். அவர் பெரிய திருப்பம் என்று நினைத்து எழுதியது அதில் இல்லை என்றால், அது வாசகரிடம் வந்து சேரவில்லை. வேறு விளக்கமே தேவையில்லை.

இரண்டாம் முறை, கோடும் கேள்விக்குறியும் விழுந்த இடங்களில் நின்று காரணம் தேடுங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் இல்லாவிட்டால் "இந்த மாதம் முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது: "வடதிசைக் கோட்டையான கருங்குன்றத்தை ஆண்ட அரிமான் குலத்தின் பதினேழாம் அரசன் நெடுங்கோவின் மகள் இளவேனில், சூலமலைத் துறவிகள் அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த ஐந்து நீர்விதிகளில் மூன்றாவதான கட்டுவிதியைப் பயின்றுகொண்டிருந்தாள்." தகவல் ஜாஸ்தி என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அதை எப்படிச் சொல்வது?

எண்ணிச் சொல்லுங்கள். ஒரே வாக்கியத்தில் கருங்குன்றம், அரிமான் குலம், நெடுங்கோ, இளவேனில், சூலமலை, கட்டுவிதி என ஆறு புதிய பெயர்கள். பதினேழு, அறுநூறு, ஐந்து, மூன்று என நான்கு எண்கள். நடப்பதோ ஒரே ஒரு காரியம்: ஒரு பெண் ஏதோ பயில்கிறாள். அதுவும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில். தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தச் சிக்கல் இன்னும் மோசமாகிறது. வினை வரும்வரை வாசகர் எல்லாப் பெயர்களையும் கையில் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும்.

"இன்ஃபோடம்ப் (தகவலை மொத்தமாகக் கொட்டுவது), குறைக்கவும்" என்று எழுதினால் எதைக் குறைப்பது என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு ஆறும் முக்கியம், அதனால்தான் எழுதியிருக்கிறார். இப்படி எழுதிப் பாருங்கள்:

"முதல் வாக்கியத்தில் ஆறு புதிய பெயர்கள் வருகின்றன. இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது எனக்கு நினைவில் இருந்தது இளவேனில் மட்டுமே. மூன்றாம் பக்கத்தில் அவள் கட்டுவிதியைப் பயன்படுத்தியபோது அது என்னவென்று பார்க்கத் திரும்பி வந்தேன். அரிமான் குலமும் சூலமலையும் இந்த அத்தியாயத்தில் மறுபடி வரவே இல்லை. அவை எந்த இடத்தில் முதன்முதலாகத் தேவைப்படுகின்றன?"

இதில் தீர்ப்பு ஏதும் இல்லை. எங்கே தடுக்கியது, அதனால் என்ன ஆயிற்று, எது பின்னால் பயன்படவில்லை என்பது மட்டும் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு அவர் பதில் தேடும்போதே பாதி வெட்டு நடந்துவிடும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது உரையாடல் வழியாகக் கொட்டப்படும் தகவல். "தாங்கள் அறிந்ததுதானே மன்னா, நம் நாட்டுக்கும் வடவருக்கும் நாற்பதாண்டுப் பகை" என்று மந்திரி ஆரம்பித்தால், அறிந்த மன்னனுக்கு எதற்குச் சொல்கிறார்? வாசகருக்காக. அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் கூடிய டர்க்கி சிட்டி அறிவியல் புனைவுப் பட்டறையினர் தொகுத்த பிழைப் பட்டியலில் இதற்கு "உனக்குத்தான் தெரியுமே, பாப்" என்றே பெயர். அதே பட்டியலில் "வெள்ளை அறை" என்றும் ஒன்று உண்டு. பாத்திரங்கள் பேசுகிறார்கள், ஆனால் எங்கே நிற்கிறார்கள், பகலா இரவா என்று ஒரு வரியும் இல்லை. ஃபேன்டசியில் வேடிக்கை என்னவென்றால், அறுநூறு வருட வரலாறு இருக்கும். அவள் உட்கார்ந்திருக்கும் தரை கல்லா மண்ணா என்று இருக்காது. இரண்டையும் ஒரே குறிப்பில் சுட்டலாம்.

கேள்வி: அத்தியாய முடிவில் நாயகி கையை உயர்த்தி, ஊரை அழிக்க வந்த வெள்ளத்தையே நிறுத்திவிடுகிறாள். கேட்டால் "மந்திரம்தானே, எதுவும் நடக்கலாம்" என்கிறார் எழுதியவர்.

மந்திரம் இருப்பதை வாசகர் முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்கு உறுத்துவது, ஆபத்தை நீக்கும் மந்திரம் அந்த நிமிடத்தில்தான் முளைக்கிறது என்பது. சிக்கலை உண்டாக்கும் மந்திரம் சொல்லாமல் கொள்ளாமல் வரலாம். சிக்கலைத் தீர்க்கும் மந்திரத்தை முன்பே விதைத்திருக்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை: இது யாரால் முடியும், செய்தால் என்ன இழப்பு, எது அவளால் முடியாது, இது வாசகருக்கு முன்பு எந்தப் பக்கத்தில் தெரிந்தது. இழப்பு என்றால் மயங்கி விழுவது மட்டுமல்ல. மயக்கம் அடுத்த அத்தியாயத்தில் தெளிந்துவிடும் என்று வாசகருக்குத் தெரியும். திரும்பக் கிடைக்காத ஒன்று போனால்தான் அது இழப்பு.

பின்னோக்கியும் சோதியுங்கள். இதில்தான் நாவல்கள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. ஆற்றையே நிறுத்த முடிந்தவள் இரண்டாம் அத்தியாயத்தில் தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் ஏன் நடந்தாள்? அவள் அண்ணன் ஏரியில் மூழ்கியபோது எங்கே போயிற்று இந்தச் சக்தி? இதைக் குற்றச்சாட்டாக எழுத வேண்டாம், கேள்வியாக எழுதுங்கள். உங்கள் கையில் இருப்பது ஓர் அத்தியாயம்தான். விதை வேறெங்காவது இருக்கலாம். "இந்தச் சக்தி அவளுக்கு உண்டு என்பது முன்பு வந்திருக்கிறதா? எனக்கு இங்கேதான் முதல் தடவை தெரிகிறது" என்றால் போதும்.

கேள்வி: எழுத்துப்பிழை, சந்திப்பிழையைத் திருத்தலாமா?

முதல் வரைவில் வேண்டாம். அந்தப் பத்தியே அடுத்த வரைவில் இருக்குமோ இருக்காதோ. ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் (இரண்டாம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகாமல் விடுவது, 'ஒரு' 'ஓர்' குழப்பம்) கடைசியில் ஒரே வரியில், ஓர் உதாரணத்தோடு சொல்லுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாக்கினால் பெரிய குறிப்புகள் அதில் முங்கிப்போகும்.

கேள்வி: அரசன் ஒரு வரியில் "யாம் ஆணையிடுகிறோம்" என்கிறான், அடுத்த வரியில் "சரி விடு, பாத்துக்கலாம்" என்கிறான். எது சரி?

இரண்டும் சரிதான், காரணம் இருந்தால். சபையில் 'யாம்', படுக்கையறையில் 'விடு' என்றால் அது பாத்திரப் படைப்பு. ஒரே சபையில் இரண்டும் என்றால் கவனக்குறைவு. யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒரு சிறு அட்டவணை போட்டுக் கொடுங்கள்: அரசன் தளபதியிடம், தளபதி காவலனிடம், இளவரசி செவிலியிடம். நீ, நீர், நீங்கள், தாங்கள் எங்கே மாறுகின்றன என்பதை எழுதியவரே பார்த்துக்கொள்வார். தூய தமிழுக்கு மாற்றச் சொல்வது உங்கள் வேலை அல்ல.

கேள்வி: கற்பனை உலகத்தில் தகவல் பிழை என்று ஒன்று உண்டா?

உண்டு. டிராகன் பறப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். குதிரை பறந்தால் கேட்பார்கள். சாதாரணக் குதிரை நடையில் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் போகும். நாலுகால் பாய்ச்சலில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் வரும் என்றாலும், அந்த வேகத்தைச் சில கிலோமீட்டருக்கு மேல் தாக்குப்பிடிக்காது. இரவு முழுக்க ஒரே குதிரையில் பாய்ச்சலாக வந்தான் என்றால், வழியில் எங்கே குதிரை மாற்றினான் என்று கேளுங்கள். நாழிகை என்று எழுதினால் அது 24 நிமிடம், ஒரு நாளைக்கு 60. "அரை நாழிகையில் சமைத்து, உண்டு, உறங்கி எழுந்தனர்" என்றால் எல்லாமே 12 நிமிடத்தில் முடிந்திருக்கிறது!

சோழர் காலச் சாயலில் கட்டிய உலகம் என்றால் மிளகாயும் தக்காளியும் உறுத்தும். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகே இங்கே வந்தவை. முற்றிலும் கற்பனை உலகம் என்றால் எழுத்தாளர் விருப்பம். இருந்தாலும் மிளகு என்று வைத்தால் யாருக்கும் நெருடாது. இவையெல்லாம் ஓரக் குறிப்புகள்தான். உங்கள் கருத்துரையின் தலைப்பில் குதிரை வந்துவிடக் கூடாது.

கேள்வி: மொத்தம் எத்தனை குறிப்பு எழுதலாம்?

பெரிய குறிப்பு மூன்று. அதை ஒரு பக்கத்துக்குள் தனியாக எழுதுங்கள். ஓரக் குறிப்பு பக்கத்துக்கு இரண்டு மூன்று. கூகுள் டாக்ஸில் கருத்துப் பெட்டியை மட்டும் பயன்படுத்துங்கள். பரிந்துரைக்கும் முறையில் போய் அவர் வாக்கியத்தையே மாற்றாதீர்கள். நீங்கள் மாற்றி எழுதினால் அது உங்கள் வாக்கியமாகிவிடும். அவர் மரியாதைக்காக 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்துவார், நடை இரண்டு கையெழுத்தில் ஓடும். எங்கே வலிக்கிறது என்று வாசகர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். மருந்து எழுதிக் கொடுக்கும்போதுதான் தவறுகிறார்.

கேள்வி: எழுதியவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணன் என்று கூப்பிடுகிறேன். குறை சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ?

'நீங்கள் இப்படி எழுதிவிட்டீர்கள்' என்பதை 'எனக்கு இங்கே இப்படி ஆயிற்று' என்று மாற்றினால் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும். "அண்ணே, ரெண்டாம் பக்கம் கடைசிப் பத்தியில அந்தக் காவலன் வாளை உறையில போட்டதும் நம்ம பக்கம்னு நெனச்சுட்டேன். அடுத்த பக்கத்துல அவனே கதவைச் சாத்தவும் குழம்பிட்டேன். அவன் மேல சந்தேகம் வரணுமா, வரக் கூடாதா?" இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், தனியாகச் சொல்லுங்கள். "சின்ன விஷயம்தான், பெரிசா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கவும் வேண்டாம். பெரிய விஷயத்தைச் சின்னதாக்கிச் சொன்னால் அவர் அதைத் திருத்தாமலே விட்டுவிடுவார்.

கேள்வி: முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் பாராட்டு என்ற முறை?

நடுவில் இருப்பதற்காகத்தான் இரண்டு பக்கமும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். பாராட்டையும் குறையைப் போலவே இடம் சுட்டிச் சொன்னால் போதும். "அருமை" என்பதால் பயனில்லை. "செவிலி விளக்கை அணைக்காமல் திரியை மட்டும் இறக்கும் இடத்தில் அவள் பயம் தெரிந்துவிட்டது" என்றால், அடுத்த வரைவில் எதை வெட்டக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

கேள்வி: எட்டுப் பேர் நேரில் கூடிப் பேசுகிறோம். ஒவ்வொரு தடவையும் வாக்குவாதமாகிவிடுகிறது.

1956இல் அமெரிக்காவின் மில்ஃபோர்டு ஊரில் அறிவியல் புனைவு எழுத்தாளர்கள் தொடங்கிய சந்திப்பிலிருந்து பரவிய முறை ஒன்று உண்டு. எல்லோரும் முன்பே படித்துவிட்டு வட்டமாக உட்காருவார்கள். வரிசையாக ஒவ்வொருவரும் குறித்த நேரம் பேசுவார்கள். குறுக்கே யாரும் பேசக் கூடாது. எழுதியவர் கடைசி வரை வாய் திறக்கக் கூடாது, பிறகுதான் அவர் முறை. ஆளுக்கு மூன்று நிமிடம் என்று கைபேசியில் அலாரம் வைத்தால் எட்டுப் பேரில் எழுதியவர் போக மற்ற ஏழு பேரும் 21 நிமிடத்தில் முடித்துவிடலாம். முன்னால் பேசியவர் சொன்னதையே சொல்ல வந்தால் "நானும் அதேதான்" என்று கடந்துவிட வேண்டும்.

புதிதாக எழுதுகிறவருக்கு இந்த மௌனம் கொடுமையாக இருக்கலாம். அவருக்கு நடன இயக்குநர் லிஸ் லெர்மன் வகுத்த நான்கு படி முறை பொருந்தும்: முதலில் மற்றவர்கள் தங்களைத் தொட்டதைச் சொல்வார்கள், அடுத்து எழுதியவர் தன் கேள்விகளைக் கேட்பார், பிறகு மற்றவர்கள் கருத்தேற்றாத (தங்கள் தீர்ப்பை உள்ளே ஒளித்துவைக்காத) கேள்விகள் கேட்பார்கள், கடைசியாக, அவர் அனுமதித்தால் மட்டும், கருத்து. "இவ்வளவு நீளம் ஏன்?" என்பது கருத்தேற்றிய கேள்வி. "இந்தக் காட்சி எதைச் செய்ய வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்பது மூன்றாம் படிக்கு ஏற்றது.

கேள்வி: நான் ஃபேன்டசி படிப்பவனே இல்லை. நான் கருத்துச் சொல்லலாமா?

பாத்திரம், காட்சி, உரையாடல் பற்றித் தாராளமாக. வகைமையின் வழக்கங்களைப் பற்றி வேண்டாம். முதல் வரியிலேயே "இந்த வகை நான் அதிகம் படித்ததில்லை" என்று போட்டுவிட்டால் அவர் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்வார்.

கேள்வி: என் அத்தியாயத்துக்கு ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

சொன்ன மருந்தைப் பார்க்காமல், சுட்டிய இடத்தைப் பாருங்கள். ஒருவர் "சந்தைக் காட்சியை வெட்டு" என்கிறார், இன்னொருவர் "சந்தையில் ஒரு சண்டை வை" என்கிறார், மூன்றாமவர் "வணிகன் வேண்டாம்" என்கிறார். மூவரும் சந்தையில்தான் சலித்திருக்கிறார்கள். ஐந்து பிரதிகளிலும் குறி விழுந்த இடங்களை ஒரே பிரதியில் ஐந்து நிறத்தில் மாற்றிக் குறியுங்கள். மூன்று நிறம் குவிந்த இடத்தை முதலில் எடுத்துத் திருத்துங்கள். ஒரே நிறம் உள்ள இடங்களை ஒரு வாரம் விட்டுவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் உங்களுக்கு உறுத்தவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும்.